ஸ்லீவ் ஆப்பரேஷனுக்குப் பிறகு கெட்டிச் சாப்பாடு இறங்கவில்லையா? பதம் பார்த்துத் திரும்புங்கள்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆப்பரேஷன் எனக்கு ஆகி ஏழாவது வாரம் அது. "இனி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டி உணவு ஆரம்பிக்கலாம்" என்று டயட்டிஷியன் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) என் வீட்டுக்காரர் பரோட்டா மாதிரியான ரொட்டி சனாய் வாங்கினார். நான் அதில் உள்ளங்கையில் பாதி அளவு பிய்த்து, பருப்புக் குழம்பில் நன்றாக ஊறவைத்து, மென்றுதான் விழுங்கினேன். நான்காவது வாய் நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேலே கல் வைத்தது போல நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும் என்று இரண்டு மடக்குக் குடித்தேன், அதுதான் பெரிய தப்பு. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது, முட்டை வெள்ளைக்கருவை அடித்த மாதிரி நுரை நுரையாக. கடைக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக இருபது நிமிடம் குனிந்தபடியே நின்றேன், வீட்டுக்காரர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பிறகு இரண்டு மாதம் நான் கெட்டிச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

அந்த ரொட்டி செய்ததைவிட, பயத்தில் சூப்பும் மைலோ என்ற மால்ட் பானமுமாக ஓட்டிய அந்த இரண்டு மாதம்தான் உடம்பை அதிகம் கெடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஆட்களில் இந்த ஆப்பரேஷன் செய்துகொள்கிறவர்கள் இப்போது எத்தனையோ பேர். 2019 தேசிய சுகாதார ஆய்விலேயே மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள் என்று வந்தது, அதில் உடல் பருமன் அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடம்தான். ஆனால் ஆப்பரேஷன் முடிந்து கையில் கொடுக்கும் தாளில் மசித்த உருளைக்கிழங்கும் காட்டேஜ் சீஸும்தான் இருக்கும். சோறு எப்போது, தோசை எப்போது, மீன் குழம்பை எப்படிச் சாப்பிடுவது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டாக்டர் கொடுத்த கால அட்டவணைதான் உங்களுக்கு. பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், இரண்டாவது வாரம் வரை பால், வடிகட்டிய சூப், மூன்று நான்காவது வாரம் அரைத்து மசித்தது, ஐந்து ஆறில் மெத்தென்று வெந்தது, ஏழு எட்டிலிருந்து கெட்டி உணவு என்று போகும். அதற்கு முன்னால் இதில் எதையும் முயற்சி செய்யாதீர்கள், உள்ளே தையல் ஆறிக்கொண்டிருக்கும். நான் பேசுவது அந்த நாள் தாண்டியும் இறங்காமல் தவிப்பவர்களுக்காக.

ஏன் நிற்கிறது?

ஸ்லீவில் இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி வளைந்த ஒரு குழாய், 100 முதல் 150 மில்லி கொள்ளும். வெளியே போன பகுதிதான் முன்பு பலூன் போல விரிந்து இடம் கொடுத்த பகுதி. இப்போது விரிவதற்கு ஆளில்லை, ஒரு வாய் கூடினாலும் அழுத்தம் மேலே நெஞ்சுக்குத்தான் ஏறும். போதாததற்கு ஸ்டேப்பிள் போட்ட வரிசை நெடுகிலும் பல வாரங்களுக்கு வீக்கம் இருக்கும், குழாய் வளைகிற இடத்தில் இயல்பாகவே கொஞ்சம் ஒடுக்கம். தண்ணீரும் சூப்பும் இந்த வளைவில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கெட்டி உணவு அங்கேயே நின்று அரைபட்டால்தான் கீழே இறங்கும். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு எடைக் குறைப்பு ஆப்பரேஷன் செய்தவர்களுக்குப் பை இன்னும் சின்னது, 30 மில்லி அளவுதான், அதிலிருந்து குடலுக்குப் போகும் வாசலும் குறுகல்.

"வயிறு நிறைந்துவிட்டது" என்ற பழைய உணர்ச்சியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள், அது வருவதற்குள் நேரம் கடந்துவிடும். புது அறிகுறிகள் வேறு மாதிரி. சிலருக்கு ஒரே ஒரு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்குப் பெருமூச்சு. எனக்கு மூக்கில் நீர் வடியும். ஒரு வாரம் கவனித்தால் உங்களுக்கு எது என்று பிடிபட்டுவிடும். அது வந்தவுடன் கரண்டியை வைத்துவிடுங்கள், தட்டில் ஒரே ஒரு வாய்தான் மிச்சம் என்றாலும் சரி. அந்த ஒரு வாய்தான் எல்லோரையும் கக்க வைக்கிறது.

தேதி அல்ல, பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று வளர்ந்தவர்கள் நாம், அந்தக் கண் இங்கேயும் உதவும். எந்த உணவாக இருந்தாலும் வாயில் வைப்பதற்கு முன் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். அப்படியே நசுங்கி ஈரமாக விரலில் ஒட்டினால் முதல் பதம். கரண்டியால் தட்டினால் இதழ் இதழாக உதிர்ந்தால் இரண்டாவது. கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்கிப் பொடியாவது மூன்றாவது. இழுத்தால் நார் வருவது, அல்லது பிசைந்தால் மாவாக உருண்டு திரள்வது, இவை கடைசி. இந்த வரிசையில் மேலே போனால் போதும், எத்தனையாவது வாரம் என்பது அப்புறம். ஒரு பதத்தில் நாலைந்து உணவு தொந்தரவில்லாமல் இறங்கிய பிறகுதான் அடுத்த பதம்.

நான் திரும்பி வந்தது மீனில். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மீன் சரியாக வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். சியாக்காப் மீன் வாங்குங்கள், தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள். முள்ளில்லாத துண்டாகவே கேட்டு வாங்குங்கள், கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, ருசிதான், ஆனால் முள் பார்த்துப் பார்த்து மெல்லும்போது கவனம் சிதறும். தெங்கிரி (வஞ்சிரம்) இந்தக் கட்டத்தில் வேண்டாம், ஆறினால் வறண்டு நிற்கும். மீன் துண்டின் மேல் இஞ்சியை ஊசி போலச் சீவிப் போட்டு, உப்பு கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம், மூடி வைத்து எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். கரண்டி முனையால் நடுவில் தொட்டால் கண்ணாடி மாதிரித் தெரிந்த சதை வெள்ளையாக மாறி இதழாகப் பிரிய வேண்டும். அந்த நொடியில் இறக்கிவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் அதே மீன் ரப்பராகிவிடும். தட்டில் தேங்கியிருக்கும் நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் உங்கள் குழம்பு. இரண்டு மேசைக்கரண்டி மீனை உதிர்த்து, அந்த நீரையோ சொதியையோ மேலே ஊற்றி, மீன் நனையும் அளவுக்கு மட்டும், மிதக்கும் அளவுக்கு இல்லை, குழந்தைக்கு ஊட்டும் கரண்டியால் சாப்பிடுங்கள்.

நனைவதற்கும் மிதப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் முக்கியம். நனைந்த உணவு நல்லது. ரசத்தில் மிதக்கிற உணவு, மோரில் கரைத்த உணவு, மெல்லாமலே அடித்துக்கொண்டு போய்விடும், அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், மெல்லவும் பழகியிருக்க மாட்டீர்கள்.

மீனுக்கு அடுத்து முட்டை. ஆம்லெட்டைவிட சீனர்கள் செய்கிற ஆவி முட்டை நல்லது. ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அதன் அரை ஓட்டால் மூன்று நான்கு முறை வெதுவெதுப்பான சூப்பு அளந்து ஊற்றி, நுரை வராமல் கலக்கி, வடிகட்டி, மூடி வைத்துக் குறைந்த தீயில் பத்து நிமிடம். ஆட்டினால் தயிர் போல ஆட வேண்டும். தோஃபு, கடைந்த பருப்பு, டின் சார்டினை எண்ணெயில்லாமல் மசித்தது, இவையெல்லாம் முதல் இரண்டு பதத்துக்குள் அடங்கும். விரதக்காரர்களுக்கும் சைவக்காரர்களுக்கும் தோஃபுவும் பருப்பும் கெட்டித் தயிரும்தான் தூண். புளிக்கவைத்த சோயாக் கட்டியான டெம்பேயைப் பொரிக்காமல் குழம்பில் மெத்தென்று வேகவிட்டால் அதுவும் சேரும்.

எப்படிச் சாப்பிடுவது

சாஸரில் போட்டுச் சாப்பிடுங்கள், பெரிய தட்டு வேண்டாம். ஒரு வாய் என்பது ஒரு பச்சைப் பட்டாணி அளவு. இருபது முப்பது முறை மெல்லுங்கள். எண்ணிக்கொண்டே இருப்பது அலுப்பாக இருந்தால் வாயில் கட்டி எதுவும் தட்டுப்படாத வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்று முடித்தும் நாக்கில் சக்கை மிச்சமிருந்தால் டிஷ்யூவில் துப்பிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கரண்டியைக் கீழே வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். நம் வீடுகளில் ஒரு வாய் உள்ளே போகும்போதே அடுத்த வாய் கையில் உருண்டிருக்கும், அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கையால் சாப்பிடுவதை மூன்று மாதம் நிறுத்தி வைத்தேன், கரண்டி வந்த பிறகுதான் வேகம் குறைந்தது.

இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி நேரம். முடியவில்லை என்றால் மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டிருந்தால் அது சாப்பாடாக இருக்காது, கொறிப்பதாக ஆகிவிடும்.

தண்ணீர்: சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே நிறுத்துங்கள், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். நடுவில் சொட்டுக்கூட வேண்டாம். அதற்கு வெளியே நாள் முழுக்கச் சிறு சிறு மடக்காக ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மதிய இடைவேளை குறுகியது, அதனால் பதினொன்றரைக்கே போத்தலை மூடி டிராயருக்குள் வைத்துவிடுவேன். கண்ணில் பட்டால் கை தானாகப் போகும்.

புரதம்தான் முதல் வாய், எப்போதும். நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும் என்பார்கள். கேட்கவே மலைப்பாக இருக்கும், ஆனால் கூட்டிப் பாருங்கள்: காலையில் ஆவி முட்டை 6 கிராம், பத்து மணிக்குப் புரோட்டீன் மாவு கலந்தது 20, மதியம் மீன் 40 கிராம் சாப்பிட்டால் அதில் 8, நாலு மணிக்குக் கிரீக் தயிர் 100 கிராமில் 9, இரவு தோஃபுவும் பருப்பும் 7, படுக்குமுன் ஒரு கிளாஸ் பால் 7. மொத்தம் 57. ஆகவே கெட்டி உணவு ஆரம்பித்துவிட்டோம் என்று புரோட்டீன் மாவை உடனே தூக்கிப் போடாதீர்கள், சாப்பாடு கூடக்கூட அது தானாகக் குறையட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு புது உணவு, மதியத்தில், வீட்டில். இரவில் புதிது எதுவும் வேண்டாம், நின்றுவிட்டால் தூக்கம் போகும். வெளியிலும் வேண்டாம். என்ன உணவு, எப்படிச் சமைத்தது, எத்தனை வாய், என்ன ஆனது என்று நாலு வார்த்தை எழுதினால் போதும். என் நோட்டில் "கோழி நெஞ்சுக்கறி, நேற்றையது, மைக்ரோவேவ், 3 வாய், நின்றது" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே பத்து நாள் கழித்து "கோழித் தொடை, கொத்தியது, குழம்பில், 6 வாய், நன்று" என்று இருக்கிறது. முதல் வரியை மட்டும் நினைவில் வைத்திருந்தால் கோழியே ஆகாது என்று முடிவு கட்டியிருப்பேன். உண்மையில் ஆகாதது மறுபடி சூடாக்கி வறண்டுபோன கோழிதான். ஒரு உணவு தோற்றால் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிட்டு வேறு பதத்தில் மறுபடி பாருங்கள்.

சோறு, தோசை, மீ

சோற்றுக்கு அவசரப்படாதீர்கள். பருக்கை சின்னதுதானே என்று தோன்றும், ஆனால் உள்ளே போய் ஊறி ஒன்றோடொன்று திரண்டு அடைத்துக்கொள்ளும். எனக்கு ஐந்தாவது மாதம்தான் சோறு இறங்கியது, அதுவும் குழைய வடித்து மசித்துத் தயிர் கலந்து ஒரு மேசைக்கரண்டி, மீனைச் சாப்பிட்ட பிறகு. வெள்ளை ரொட்டி, சப்பாத்தி, ரொட்டி சனாய், இவையெல்லாம் மென்றால் மாவாகத் திரளும் ஜாதி, கடைசிக்குத் தள்ளுங்கள். அதே ரொட்டியை நன்றாக மொறுமொறுவென்று வாட்டினால் பலருக்கு இறங்கிவிடும், ஏனென்றால் அது நொறுங்குகிறது. தோசையும் அப்படித்தான். தடித்த மெத்துத் தோசையைவிட, மெல்லியதாக முறுக விட்ட தோசையின் ஓரம் நல்லது. இட்லி சிலருக்குச் சாம்பாரில் ஊறினால் போகும், சிலருக்கு நிற்கும், கால் இட்லியில் பரிசோதியுங்கள். புட்டு மாயம், அதாவது இடியாப்பம், நூல் நூலாக இருந்தாலும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை, கோய் தியாவ், அதாவது அரிசி மாவில் செய்த பட்டை நூடுல்ஸ். வழவழவென்று இருப்பதால் மெல்லாமலே நழுவிவிடும், அப்புறம் முழுத் துண்டாக வளைவில் போய் உட்காரும். மீ என்கிற கோதுமை நூடுல்ஸும் இதே கதை. சாப்பிட ஆசையாக இருந்தால் தட்டிலேயே கத்தரிக்கோலால் குட்டிக் குட்டியாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

கங்கோங் கீரைத் தண்டு, வாழைத்தண்டு, அன்னாசி, ஆரஞ்சுச் சுளையின் தோல், சோளம், இவையெல்லாம் நார். கீரையை இலை மட்டும் எடுத்துக் கடைந்து சாப்பிடலாம்.

நின்றுவிட்டால்

உடனே நிறுத்துங்கள். தண்ணீர் குடிக்காதீர்கள், கீழே அடைப்பு இருக்கும்போது அது மேலேதான் வரும். மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வார்களே, வாழைப்பழம் தின்னச் சொல்வார்களே, அந்த வைத்தியம் இங்கே ஆகவே ஆகாது. சோடாவும் வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்கவும் வேண்டாம். எழுந்து நில்லுங்கள், மெதுவாக நடங்கள், ஊறும் எச்சிலை விழுங்காமல் ஒரு கிளாஸில் துப்பிக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும், அல்லது தானாக வெளியே வந்துவிடும். அதன் பிறகு இரண்டு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. அன்றைக்கு நீராகாரம் மட்டும், மறுநாள் மசித்தது, மூன்றாம் நாள் கடைசியாக நன்றாக இறங்கிய அதே பதத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் நாள் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் நாள் திரும்பவில்லை. சூப், மைலோ, தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீர், அப்புறம் மைலோவில் தோய்த்த பிஸ்கட், தீபாவளி முறுக்கு, குரோப்போக் அப்பளம், ஐஸ்கிரீம். இவையெல்லாம் நொறுங்கியோ உருகியோ எந்தத் தடையும் இல்லாமல் இறங்கும், அதனால் "நமக்கு இதுதான் ஒத்துக்கொள்கிறது" என்று மனம் நம்பிவிடும். வயிறு நிறையாது, மணிக்கொரு தரம் கை போகும், புரதம் ஒன்றும் இருக்காது. என் எடை இறங்குவது நின்றது, மாடி ஏறினால் கால் நடுங்கியது. ஆப்பரேஷனுக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் முடி கொட்டுவது பலருக்கும் வருவதுதான், எனக்கு வாரும்போது கொத்துக் கொத்தாக வந்தது. பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பான மைலோவும் தே தாரிக்கும் இன்னொரு தொல்லையையும் கொண்டு வரும், குடித்த சிறிது நேரத்தில் வியர்த்து, படபடத்து, வயிற்றால் போகும்.

பயமா, உண்மையான அடைப்பா என்று எப்படித் தெரியும்? என் அனுபவத்தில், பயம் என்றால் தொண்டையிலேயே நிற்கும், முதல் வாயை விழுங்குவதற்கு முன்பே நெஞ்சு இறுகும், பேச்சில் கவனம் போனால் அதே உணவு இறங்கிவிடும். எனக்கு அது உதவியது: வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்து, சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் வேறு எதையாவது பேசச் சொன்னேன். பதம் சரியாக இருந்தும், மெதுவாக மென்றும், ஒவ்வொரு முறையும் நின்றால் அதைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது

என்னோடு அதே மாதத்தில் ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு தோழிக்கு முதலில் கோழி நின்றது, அப்புறம் மீன், அப்புறம் மசித்த பருப்பு, கடைசியில் பால். "எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று அவள் மூன்று வாரம் பொறுத்துக்கொண்டாள். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது குழாய் வளைவில் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள், இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது, இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். நாளுக்கு நாள் முன்னேறாமல் பின்னோக்கிப் போனால், அதாவது நேற்று இறங்கியது இன்று இறங்கவில்லை என்றால், அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் போன் போடுங்கள்.

காய்ச்சல், நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்வது, விடாத வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, இவை உள்ளே கசிவின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்க நிற்காமல் வெளியே வருவது, எச்சிலே மணிக்கணக்கில் இறங்காதது, சிறுநீர் கறுத்துப் போவது, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவது, எல்லாமே அப்படித்தான். இவற்றில் எதற்கும் நள்ளிரவில்கூடத் தயங்காமல் 999 அடிக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பல நாள், பல வாரம் வாந்தி தொடர்ந்தால் உடம்பில் பி1 விட்டமின், அதாவது தயமின், தீர்ந்துவிடும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சு குழம்புவது என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. கூட வருபவர் அவசரப் பிரிவில் "எடைக் குறைப்பு ஆப்பரேஷன் ஆனவர், இத்தனை வாரமாக வாந்தி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன்பே தயமின் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு மூன்று. பெரிய மாத்திரைகள் சாப்பாடு மாதிரியே நிற்கும், உடைக்கலாமா பொடிக்கலாமா என்று பார்மசியில் கேளுங்கள், மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை நீங்களாகப் பொடித்துவிடாதீர்கள். தலைவலி, மாதவிடாய் வலி என்று பொன்ஸ்தான் (மெஃபெனமிக் ஆசிட்) வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் நிறைய, அந்த வகை வலி மாத்திரைகள் புண்ணாக்கும், குறிப்பாகப் பைபாஸ் ஆனவர்களுக்கு, டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பழைய அளவையே தொடர்ந்தால், இந்தச் சாப்பாட்டுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடலாம், அளவை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், இரும்புச்சத்தைத் தேநீரோடு போடாதீர்கள். நெஞ்செரிச்சலும் புளிப்பும் மேலே வந்தால் அதையும் சொல்லுங்கள், ஸ்லீவுக்குப் பிறகு அது பலருக்கு வரும், அமிலம் ஏறியிருந்தாலும் சாப்பாடு நிற்பது போலவே இருக்கும்.

வெளியில், விருந்தில்

வீட்டில் இரண்டு பதம் தேறிய பிறகு வெளியே போகலாம். யோங் தாவ் ஃபூ கடையில் சூப்பில் போட்ட தோஃபுத் துண்டு இரண்டு, நாசி கண்டார் கடையில் சோறில்லாமல் ஒரு மீன் துண்டும் முட்டையும், குழம்பைத் தனியாகத் தாப்பாவ் (பார்சல்) செய்தால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம். தௌ ஃபூ ஃபா என்ற சோயாப் பால் புட்டிங் வாங்கினால் சீனிப்பாகு இல்லாமல் கேளுங்கள், கொடுப்பார்கள்.

பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. பெரியம்மா என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கோழி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டு இருக்க, நல்லா அள்ளிச் சாப்பிடும்மா."

"பெரியம்மா, டாக்டர் எனக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் சொல்லியிருக்கார். அதுல உங்க கையால பருப்புப் போடுங்க, அது போதும்."

அவர் போட்டார், நான் அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிட்டேன், அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நம் வீடுகளில் விடமாட்டார்கள், அவர்கள் மனம் புண்படும். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள், உபசரித்த திருப்தி அவர்களுக்கும் இருக்கும்.

விரதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குச் சைவமாக இருப்பதில் பிரச்சினை இல்லை, பச்சைத் தண்ணீர்கூடப் படாத விரதம் முதல் வருடத்தில் வேண்டாம். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி. இந்த ஆண்டு டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறினேன், இடையிடையே நின்று போத்தலில் இருந்து ஒரு மடக்கு, மறுபடி ஐம்பது படி.

ஆட்டுக்கறி எனக்கு எட்டாவது மாதம்தான் இறங்கியது. கடைக்காரரிடம் கொத்துக்கறியாக வாங்கி, குக்கரில் நன்றாக வேகவிட்டு, சூப்பில் நனைத்து ஐந்து வாய். அடுத்து முருங்கைக்காய் முயற்சி செய்யப் போகிறேன். நன்றாக வேகவிட்டு, உள்ளே இருக்கும் சதையை மட்டும் கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டு, சக்கையைத் தட்டிலேயே விட்டுவிட வேண்டும்.